அடியிலிருந்து கலக்கிய கரண்டி

முடிச்சூரில் ஓர் அரசுப் பள்ளியின் சத்துணவுக் கூடத்தில் கிளியம்மாள் சாம்பார் ஊற்றுவதைப் பார்ப்பதே தனி அழகு. அண்டாவின் மேல்பக்கத்தில் கரண்டியை முக்கி எடுக்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது. நீளக் காம்புக் கரண்டியை அடிவரை இறக்கி, ஒரு சுற்றுச் சுற்றி, கீழே தங்கியிருக்கும் பருப்பு குபுகுபுவென்று மேலே எழும்பி வந்த பிறகே மொண்டு ஊற்றுவார். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு சுற்று. நூற்று நாற்பது பிள்ளைகள் வந்திருந்தால் நூற்று நாற்பது சுற்று. கை வலிக்காதா என்று யாராவது கேட்டால், "வலிக்கத்தான் செய்யும். அதுக்குன்னு மொத வரிசைப் புள்ளைக்குத் தண்ணியும் கடைசி வரிசைப் புள்ளைக்குப் பருப்புமா ஊத்தச் சொல்றியா?" என்பார்.

இந்தச் சுற்றுதான் அவருடைய பெருமை. 2015 டிசம்பரில் முடிச்சூர் மூழ்கியபோது அவருடைய வீட்டுக்குள்ளும் கழுத்தளவு தண்ணீர். கட்டிய புடவையோடு பெருங்களத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஏறியவர், அன்று மாலையே அங்கிருந்த அடுப்பைப் பற்றவைத்துவிட்டார். மூன்று நாள், வேளைக்கு நானூறு பேர். அங்கேயும் அடியிலிருந்து கலக்கித்தான் ஊற்றினார். வரிசையில் நின்ற ஒருவர் பொறுமை இழந்து, "சீக்கிரம் ஊத்தும்மா, பேஜாரு பண்ணாத" என்று கத்தினார். "வெள்ளத்துல வந்தா இன்னா, வெயில்ல வந்தா இன்னா? பருப்பு இல்லாத சாம்பாரு சாம்பாரா?" என்று கேட்டுக்கொண்டே கிளியம்மாள் இன்னொரு சுற்றுச் சுற்றினார். இன்றும் காய்கறிக் கடையில் எதிர்ப்படும் ஆட்கள் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அவருக்கு அதைக் கேட்க அலுப்பதே இல்லை.

அப்படிப்பட்ட கிளியம்மாள், தன் வீட்டில், தன் கணவருக்கு, ஐந்து வாரம் வெறும் பருப்புத் தண்ணீரை ஊற்றினார் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் ஊற்றினார்.

கணவர் சிட்டிபாபு தண்ணீர் லாரி டிரைவர். ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி பக்கத்து அடுக்குமாடி வீடுகளுக்குத் தண்ணீர் கொண்டுபோய் இறக்குவார். ஐம்பத்து நான்கு வயதில் முப்பது வருடம் ஸ்டியரிங் பிடித்தே கழிந்தது. ஜூலை மாதம் ஒரு காலையில், லாரி நிற்கும் ஷெட்டுக்கு பைக்கில் போகும்போது, கூடுவாஞ்சேரி தாண்டி, புது மனைக்காகக் கொட்டியிருந்த ஜல்லியில் வண்டி சறுக்கியது. எலும்பு எதுவும் முறியவில்லை. ஆனால் வலது முழங்காலுக்குக் கீழே, முன்பக்கம், இரண்டு உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்து போய்விட்டது. லாரியில் ஆக்சிலேட்டர் மிதிப்பதும் பிரேக் மிதிப்பதும் அந்தக் கால்தான்.

அரசு மருத்துவமனையில் காயத்தைச் சுத்தம் செய்து, நான்கு நாள் வைத்திருந்து, வாரம் இருமுறை கட்டு மாற்ற வரச்சொல்லி அனுப்பினார்கள். கிளம்பும்போது டாக்டர், "நல்லா சத்தா சாப்பிடக் குடுங்கம்மா" என்றார்.

"அத்த நான் பாத்துக்கிறேன் சார். என் வேலையே அதான்" என்றார் கிளியம்மாள்.

அன்று மாலையே திருநீர்மலையிலிருந்து சிட்டிபாபுவின் அக்கா பாலாம்பாள் வந்துவிட்டார். தம்பியின் காலைப் பார்த்துக் கொஞ்சம் அழுதார். கண்ணைத் துடைத்துக்கொண்ட கையோடு சமையலறைக்குள் போய், அலமாரியில் இருந்த முட்டைகளை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"இன்னாண்ணி, முட்டைய எடுத்துகினு போறீங்க?"

"பச்சப்புண்ணு கீற வூட்ல முட்டை எதுக்குடி? ஒண்ணு துன்னா போதும், சீழ் கோத்துக்கும். பருப்பும் ஆவாது. மீனு, கறி, கத்திரிக்கா, தயிரு எதுவும் கூடாது. அரிசிக் கஞ்சி குடு. எளநீ குடு. பருப்பு வேக வெச்சா மேல நிக்கிற தெளிவு மட்டும் ரசத்துக்கு எடு. அதுல கீது எல்லாச் சத்தும்."

கிளியம்மாளுக்கு இது புதிதல்ல. அவர் பிறந்த வீட்டிலும் புண்ணுக்கு இதே பத்தியம்தான். அதனால் மறுபேச்சுப் பேசவில்லை. செய்வதைத் திருந்தச் செய்பவர் ஆகையால், பத்தியத்தையும் திருந்தச் செய்தார். பருப்பை வேகவைத்து அரை மணி நேரம் அசைக்காமல் வைத்து, துணியில் வடிகட்டி, கண்ணாடிபோல் மஞ்சள் தண்ணீர் எடுப்பார். ஒரு துளி பருப்பு கலந்திருந்தாலும் மறுபடி வடிகட்டுவார். பள்ளியில் அடியிலிருந்து கலக்கிய அதே கை, வீட்டில் மேலாக மொண்டது. இரண்டுக்கும் ஒரு சம்பந்தம் உண்டு என்று அவருக்குத் தோன்றவே இல்லை. பள்ளியில் ஊற்றுவது சாப்பாடு, வீட்டில் ஊற்றுவது மருந்து. அப்படித்தான் நினைத்தார்.

சிட்டிபாபு முதல் வாரம் முணுமுணுத்தார். "இன்னாமே, தெனம் வெள்ளக் கஞ்சி. ஜெயில்லகூட வாரத்துல ஒரு நாளு கறி போடுறானாம்."

"காலு வேணுமா, கறி வேணுமா?"

"ரெண்டும் வேணும்னா எந்த ஆபீசுல எழுதிக் குடுக்கணும்?"

இரண்டாவது வாரத்தில் முணுமுணுப்பு குறைந்தது. மூன்றாவது வாரத்தில் ஜோக்கும் குறைந்தது. சட்டை தோளில் தொங்கியது. தொடை ஒல்லியானது. ஆனால் இரண்டு பாதமும் உப்பிக்கொண்டன. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. புண் ஆறவும் இல்லை, பெருகவும் இல்லை. வெளுத்துப்போய், பழைய சுவரின் சுண்ணாம்பு மாதிரிக் கிடந்தது.

ஐந்தாவது வாரம் டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தார். காலைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார்.

"சுகர் இல்ல. கிட்னி, லிவர் நல்லா இருக்கு. ரத்தத்துல புரோட்டீன்தான் ரொம்பக் கம்மி. அம்மா, புண்ணுல சதை செவந்து மேல வந்தாத்தான் தொடையிலேர்ந்து தோல் எடுத்து ஒட்ட முடியும். இன்னும் மூணு வாரம் பாக்குறேன். இப்படியே இருந்தா எலும்பு வரைக்கும் கிருமி போயிடும். அப்புறம் காலைக் காப்பாத்துறேன்னு என்னால உறுதியாச் சொல்ல முடியாது."

சிட்டிபாபு வலது பாதத்தை மட்டும் மெதுவாக முன்னும் பின்னும் அசைத்தார், ஆக்சிலேட்டரை மிதிப்பதுபோல.

கட்டு மாற்றும் அறையில் இருந்த நர்சின் பெயர் எப்சி. முப்பது வயதுக்குள்தான் இருக்கும். பஞ்சைக் கிடுக்கியால் எடுத்தபடியே, "அம்மா, சாருக்கு நேத்துலேர்ந்து என்ன குடுத்தீங்க? ஒண்ணு விடாமச் சொல்லுங்க" என்று கேட்டார்.

கிளியம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்து ஒப்பித்தார். "காலைல அரிசிக் கஞ்சி. பதினோரு மணிக்கு எளநீ. மத்தியானம் ரசஞ்சோறு. சாயங்காலம் ரொட்டி, டீ. ராத்திரி மறுபடி கஞ்சி. பத்தியத்துல ஒரு கொறை வெக்கல சிஸ்டர். பருப்பு ஒரு துளி கலக்காம, துணில வடிகட்டி, தெளிவு மட்டும்தான் குடுத்தேன்."

எப்சியின் கை நின்றது. "வடிகட்டின பருப்பு எங்க போகுது?"

"வீணாக்குவாங்களா? நான்தான் சாப்புடுவேன்."

"அப்போ புண்ணு உங்க காலுல இருந்திருந்தா இந்நேரம் ஆறியிருக்கும்மா."

கட்டிலில் இருந்து சிட்டிபாபு ஒரு சத்தம் எழுப்பினார். சிரிப்பா, வலியா என்று சொல்ல முடியாத சத்தம். கிளியம்மாளின் முகம் சுருங்கியது.

எப்சி கிடுக்கியைத் தட்டில் வைத்துவிட்டு, "சார், நீங்க டிரைவர்தானே? வண்டிக்கு டீசல் ஊத்தினா என்ன ஆகும்?" என்று கேட்டார்.

"ஓடும்."

"தகரம் கிழிஞ்சு போச்சு. டீசல் ஊத்தினா கிழிசல் மூடுமா?"

"அது எப்டி மூடும்? புதுத் தகரம் வெச்சு வெல்டு வெக்கணும்."

"கஞ்சி, எளநீ, ரொட்டியெல்லாம் டீசல் சார். முட்டை, பருப்பு, மீன், பால் இதெல்லாம் தகரம். அதைத்தான் புரோட்டீன்ங்கிறோம், புரதம்னு புஸ்தகத்துல இருக்கும். அஞ்சு வாரமா உங்களுக்குக் கொஞ்சம் டீசல் மட்டும் வருது, தகரமே வரல. உடம்பு என்ன பண்ணும்? நெஞ்சு துடிக்கணும், ரத்தம் ஊறணும், கிருமியோட சண்டை போடணும். எல்லாத்துக்கும் தகரம் வேணும். அதனால உங்க தொடையிலேர்ந்தே கழட்டி எடுத்துக்குது."

சிட்டிபாபு போர்வையை விலக்கித் தன் தொடையைப் பார்த்தார். "அடப்பாவி. என் வண்டியிலர்ந்தே பார்ட்ஸ் திருடிகினு கீதா?"

"அப்போ இந்த வீக்கம்?" என்று கேட்டார் கிளியம்மாள். குரலில் கோபம் இருந்தது. யார் மேல் என்று அவருக்கே தெரியவில்லை.

"ரத்தத்துல இருக்கிற புரதம்தான் தண்ணியைக் குழாய்க்குள்ள பிடிச்சு வெக்கிது. அது கொறைஞ்சா தண்ணி வெளிய கசிஞ்சு பாதத்துல இறங்கிடும். நீங்க என்ன வேலை பாக்குறீங்கம்மா?"

கிளியம்மாள் புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, தயங்கிச் சொன்னார். "சத்துணவு சமையலு. பத்தொம்பது வருசம்."

எப்சி சிரிக்கவில்லை. அதற்காகவே கிளியம்மாளுக்குப் பின்னாளில் அந்தப் பெண்ணைப் பிடித்துப் போனது. "பசங்களுக்குத் தெனம் முட்டை ஏன் குடுக்குறீங்க?"

"வளர்றதுக்கு."

"வளர்றதும் ஆறுறதும் ஒரே வேலைதாம்மா. ரெண்டுலயும் புதுச் சதை உண்டாகணும்."

அன்று இரவும் வீட்டில் கஞ்சிதான். நர்ஸ் சொன்னது பொய் என்று கிளியம்மாள் நினைக்கவில்லை. ஆனால் முட்டை தின்று புண் சீழ் வைத்துவிட்டால்? மூன்று வாரம்தான் இருக்கிறது. இருக்கிற காலைத் தன் கையாலேயே கெடுத்துவிட்டால் அப்புறம் கணவர் முகத்தில் எப்படி விழிப்பது? பாலாம்பாளுக்குப் போன் போட்டார். "நர்சு சின்னப் பொண்ணு, அதுக்கு இன்னா தெரியும்? மூணு வாரம் பல்லைக் கடிச்சிகினு பத்தியம் காட்டு" என்றார் பாலாம்பாள்.

மறுநாள் பள்ளியில் முட்டை உரித்துக்கொண்டிருந்தபோது கிளியம்மாளின் கண் பிள்ளைகளின் முழங்கால்களில் போய் நின்றது. வராந்தாவில் வரிசையாகச் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட முட்டிகள். ஓடுகிற, விழுகிற பிள்ளைகள்; சிராய்ப்பு இல்லாத முட்டி ஒன்றுகூடத் தேறாது. காய்ந்தது, பொருக்குத் தட்டியது, உதிர்ந்து புதுத் தோல் பளபளப்பது என்று எல்லாப் பருவத்திலும் இருந்தது. சீழ் வைத்த முட்டி எங்கே? வரிசை வரிசையாகத் தேடினார். ஒன்றுகூட இல்லை.

நாலாம் வகுப்பு அனுப்பிரியாவின் தட்டு அருகே நின்றார். சிட்டிபாபு விழுந்த அதே வாரத்தில்தான் இந்தப் பெண்ணும் பள்ளி வாசலில் சைக்கிளிலிருந்து விழுந்து முட்டியைக் கிழித்துக்கொண்டது. கிளியம்மாள்தான் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டார். இப்போது அந்த இடத்தில் ரோஜா நிறத்தில் ஒரு தழும்பு மட்டும் இருந்தது.

"ஏய், உங்கம்மா இன்னா மருந்து போட்டாங்க?"

"ஆயின்மென்ட் ஆயா. முட்டை சாப்புடக் கூடாதுன்னாங்க. பருப்பும் கூடாதுன்னாங்க."

"நீ சாப்டல?"

அனுப்பிரியா இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள். "வூட்லதான் சாப்டல. இங்க தெனம் சாப்ட்டேன். அம்மாட்ட சொல்லிடாதீங்க ஆயா, ப்ளீஸ். அடிப்பாங்க."

கிளியம்மாள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். சின்னக் காயம்தான், பெரிய காயத்தோடு ஒப்பிட முடியாதுதான். ஆனாலும் சீழ் வைக்கவில்லையே. பத்தொன்பது வருடத்தில் எத்தனை முட்டி, எத்தனை முழங்கை! வீட்டில் பத்தியம் போட்ட அம்மாக்களுக்கெல்லாம் தெரியாமல், அந்தப் பிள்ளைகளின் புண்ணை மூடியதில் தன் கரண்டிக்கும் பங்கு இருந்திருக்கிறது. கோடை விடுமுறை முடிந்து திரும்பும்போது சொறியும் பொருக்குமாக வரும் சில பிள்ளைகள், ஆகஸ்டுக்குள் தெளிந்துவிடுவதை அவர் ஒவ்வொரு வருடமும் பார்த்திருக்கிறார். அது வளரும் வயசு என்று விட்டிருக்கிறார்.

அவர் கண்ணுக்கு அன்று பிடிபட்டது பாடப்புத்தகத்தில் நாலு வரியில் இருக்கும் விஷயம்தான். புரதம் என்பது அமினோ அமிலம் என்ற சின்னச் சின்னத் துண்டுகள் கோத்த நீளச் சங்கிலி. நாம் தின்னும் பருப்பின் சங்கிலியை வயிறும் குடலும் தனித்தனித் துண்டுகளாகப் பிரிக்கின்றன. அந்தத் துண்டுகளை உடல் தனக்கு வேண்டிய வரிசையில் மறுபடி கோத்துக்கொள்கிறது. ஒரு வரிசையில் கோத்தால் தோல், இன்னொரு வரிசையில் கோத்தால் தசை, வேறு வரிசையில் முடி, நகம், கிருமியோடு மோதும் காவல் பொருள். மாவுச்சத்து மிஞ்சினால் உடல் கொழுப்பாகச் சேர்த்து வைத்துக்கொள்ளும். புரதத்துக்கு அப்படித் தனி உண்டியல் கிடையாது. அன்றன்றைக்குச் சாப்பிட்டாக வேண்டும். சில துண்டுகளை உடலால் தானே செய்துகொள்ளவும் முடியாது, உணவிலிருந்துதான் வர வேண்டும். அரிசியில் குறைவாக உள்ள துண்டு பருப்பில் நிறைய இருக்கிறது. பருப்பில் குறைவானது அரிசியில் இருக்கிறது. அதனால்தான் சாம்பார் சாதம் வெறும் சாதத்தைவிட உயர்ந்தது. ஆனால் அந்த சாம்பாரில் பருப்பு இருக்க வேண்டும். தெளிந்த தண்ணீரில் மஞ்சள் நிறமும் கொஞ்சம் உப்பும் வாசனையும் இருக்கும். பருப்பின் பெரும்பங்கு அடியில் கிடக்கும்.

அன்று மாலை கிளியம்மாள் வீட்டுக்கு வந்ததும் வடிகட்டும் துணியைக் கழுவிக் கொடியில் போட்டார். பருப்பு வெந்ததும் கரண்டியை அடிவரை இறக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். கெட்டியாகக் கிண்ணத்தில் ஊற்றி, மேலே நெய் விட்டு, இரண்டு முட்டையை மிளகு போட்டுப் பிரட்டி, சிட்டிபாபு முன்னால் வைத்தார்.

சிட்டிபாபு முட்டையையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னா கிளி, கடைசி ஆசையா?"

"வாய மூடிகினு துன்னுய்யா."

"சீழ் வெச்சா?"

"வெச்சா என்னைக் கேளு. நான் பதில் சொல்றேன்."

அதன்பிறகு கிளியம்மாளின் சமையல் சூடுபிடித்தது. ஐந்து வாரம் கஞ்சி குடித்த வயிற்றில் ஒரேயடியாகத் திணிக்க முடியாது. நாலு வாய்க்கு மேல் சிட்டிபாபுவுக்கு இறங்கவில்லை. அதனால் நாளுக்கு ஆறு வேளையாகப் பிரித்தார். காலையில் பாசிப்பருப்புப் பொங்கல். பத்து மணிக்கு இரண்டு அவித்த முட்டை. மத்தியானம் கெட்டிப் பருப்பும் நெத்திலிக் குழம்பும். நாலு மணிக்கு ஒரு பிடி வேர்க்கடலை, அல்லது கொண்டைக்கடலைச் சுண்டல். இரவு நாலு பருப்பு போட்டு அரைத்த அடை. படுக்கும் முன் ஒரு தம்ளர் பால். அக்கம்பக்கத்தார் சிலர் பெரிய டப்பாவில் விற்கும் புரோட்டீன் பவுடர் வாங்கச் சொன்னார்கள். எப்சியிடம் கேட்டார். "வாயால சாப்பிட முடியாதவங்களுக்கு அது உதவும். இவர்தான் சாப்பிடுறாரே. உங்க கைதாம்மா அந்த டப்பா" என்றார் எப்சி. அந்த வாக்கியத்தைக் கிளியம்மாள் தெருவில் நாலு பேரிடமாவது சொல்லியிருப்பார்.

பத்தாவது நாள் சாயங்காலம், கட்டு முழுக்கச் சிவந்து நனைந்திருந்தது. ரத்தம். அந்த நேரம் பார்த்துத்தானா பாலாம்பாள் வாசலில் வந்து நிற்க வேண்டும்? அடுக்களையில் முட்டை ஓடு, மீன் வாசனை, தம்பியின் காலில் ரத்தம்.

"அடிப்பாவி! நான் சொன்னேன் கேட்டியா? எந்தம்பி கால முட்டை போட்டே கெடுத்துட்டியேடி!"

கிளியம்மாள் தெருவுக்கு ஓடிப்போய் ஆட்டோ பிடித்து வந்தார். மூவரும் மருத்துவமனைக்குப் போனார்கள். வழிநெடுக பாலாம்பாள் புலம்பினார். கிளியம்மாள், 'கேளு, நான் பதில் சொல்றேன்' என்று தான் சொன்னதை நினைத்துக்கொண்டு கண்ணை மூடியபடி இருந்தார்.

எப்சிக்கு அன்று மாலை வேலை. கட்டை நனைத்து நனைத்து மெல்லப் பிரித்தார். உற்றுப் பார்த்தார். "சார், உண்மையச் சொல்லுங்க. எங்கயாவது இடிச்சீங்களா?"

சிட்டிபாபு கூரையைப் பார்த்தார்.

"சொல்லுடா!" என்றார் பாலாம்பாள்.

"ஒரு டீ குடிக்கலாம்னு முனைக் கடை வரைக்கும் போனேன்க்கா. ரெண்டு நாளா கால்ல கொஞ்சம் தெம்பு வந்தாப்ல இருந்துச்சு. அங்க ஒருத்தன் பைக்கு ஸ்டாண்டு இடிச்சிடுச்சு. இவகிட்ட சொன்னா உரிச்சுடுவான்னு..."

"உரிக்கத் தோலு எங்கய்யா கீது?" என்று கத்தினார் கிளியம்மாள். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் தன் வலியை மறந்து சிரித்தார்.

எப்சி விளக்கைக் கிட்டே இழுத்தார். "அம்மா, பெரியம்மா, ரெண்டு பேரும் இங்க வந்து பாருங்க."

போன தடவை கட்டு மாற்றியபோது ஓரத்தில் மட்டும் லேசாகச் சிவந்திருந்தது. இப்போது சுண்ணாம்பு நிறமே போயிருந்தது. காயத்தின் அடியெங்கும், ஓரத்திலிருந்து நடு வரை, மாதுளை முத்துக்கள் மாதிரிச் செக்கச் செவேலென்று பொடிப்பொடியாகச் சதை எழும்பியிருந்தது.

"செத்த சதை இடிச்சா ரத்தம் வராது. இது புதுச் சதை. உள்ள முழுக்க ரத்தக்குழாய் ஓடுது, அதான் லேசா இடிச்சதும் ரத்தம் வந்திருக்கு. சீழும் இல்ல, காய்ச்சலும் இல்ல. நல்லா வருதும்மா."

கிளியம்மாள் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பத்து நாள் பொங்கல், அடை, நெத்திலி, சுண்டல், இருபது முட்டை எல்லாம் அங்கே சிவப்பாக நின்றுகொண்டிருந்தன. தான் சமைத்தது எங்கே போகிறது என்று கண்ணால் பார்க்கும் பாக்கியம் எந்தச் சமையல்காரருக்குக் கிடைக்கும்? பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாகத் தன் வேலையின் உள்பக்கத்தைப் பார்த்ததுபோல் இருந்தது. கண்ணில் நீர் வந்தது. அதைத் துடைக்கவும் அவருக்குத் தோன்றவில்லை.

வெளியே வந்து ஆட்டோவில் ஏறும்போதுதான் பாலாம்பாள் வாய் திறந்தார். "நெத்திலியில புளி ஜாஸ்தி போடுற நீ. நாளைக்கு நான் வெச்சு எடுத்துகினு வரேன்."

மூன்றாவது வாரம் முடியும்போது டாக்டர் காலைப் பார்த்து, பக்கத்தில் நின்ற பயிற்சி டாக்டர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். பாத வீக்கம் வடிந்திருந்தது. இடது தொடையிலிருந்து மெல்லிய தோல் சீவி எடுத்து வலது காலில் ஒட்டினார்கள். ஐந்து நாள் கழித்துக் கட்டைப் பிரித்தபோது தோல் பிடித்திருந்தது. ஓரத்தில் ஒரு நாணயம் அளவு மட்டும் பிடிக்கவில்லை. அது தானாக மூடிக்கொள்ளும் என்றார் டாக்டர். அதுவும் மூடிக்கொண்டது.

டிசம்பரில் கடைசியாக ஒருமுறை காட்டச் சொன்னார்கள். சிட்டிபாபு கைத்தடி இல்லாமல் நடந்து போனார். அடுத்த வாரத்திலிருந்து லாரி எடுக்கலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அவர் வாசலுக்குப் போய் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார். எப்சியிடம் சொல்லிக்கொள்ளப் போன கிளியம்மாள் உள்ளேயே தங்கிவிட்டார்.

கட்டு மாற்றும் அறைக்கு வெளியே பெஞ்சில், முழங்கையில் தீக்காயத்தோடு ஓர் இளைஞனும் அவன் அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவின் மடியில் ஒரு ஃபிளாஸ்க். மூடியில் ஊற்றி மகனுக்கு நீட்டினார். மஞ்சளாக, கண்ணாடிபோல், அடி தெரியும் தெளிவு.

கிளியம்மாளின் நடை நின்றது. "இன்னாமா அது?"

"பருப்புத் தண்ணிக்கா. புண்ணுல்ல, அதான் பத்தியமா வடிகட்டி எடுத்துட்டு வந்தேன்."

"வடிகட்டின பருப்பு எங்க?"

"வீட்ல இருக்கு. நான் சாப்ட்டுக்குவேன்."

கிளியம்மாள் அந்த அம்மாவின் பக்கத்தில், இடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "நானும் அப்டித்தான் சாப்ட்டேன். அஞ்சு வாரம். அதோ, வாசல்ல நிக்குது பாரு, வெள்ளச் சட்டை. அந்த ஆளு காலக் கேட்டா சொல்லும். இத்தனைக்கும் நான் சத்துணவு சமையலு. பத்தொம்பது வருசம்." முன்பு எப்சியிடம் தயங்கிச் சொன்ன அதே வார்த்தைகளை இப்போது நெஞ்சு நிமிர்த்திச் சொன்னார். பிறகு கையில் இல்லாத கரண்டியைப் பிடித்து, இல்லாத அண்டாவில் அடிவரை இறக்கி, எப்படிச் சுற்ற வேண்டும் என்று காட்ட ஆரம்பித்தார். உள்ளேயிருந்து எப்சி எட்டிப் பார்த்துவிட்டு, கூப்பிடாமல் போய்விட்டார்.

சிட்டிபாபு வாசலிலிருந்து திரும்பி நடந்து வந்தார். வலது கால் ஊன்றி, இடது கால் வைத்து, மறுபடி வலது கால் ஊன்றி. "இன்னாமே, பஸ்ஸு போயிடுச்சு."

"போவட்டும், அடுத்த பஸ்ஸு வரும்" என்றார் கிளியம்மாள் திரும்பாமலே. பிறகு அந்த அம்மாவின் தோளைத் தொட்டு, "பாரும்மா, எப்டி நடக்குதுன்னு பாரு. யோவ், வாசல் வரைக்கும் இன்னொரு தபா நடந்து காட்டுய்யா" என்றார்.

சிட்டிபாபு தலையில் அடித்துக்கொண்டார். ஆனாலும் நடந்து காட்டினார்.